கொடுத்த பணம் வீணாகிவிடுமே: வாடகை வீட்டை மாற்றுவதும் மூழ்கிய செலவும்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். என் பதில் முழுவதும் அந்த விவரங்களைச் சார்ந்தே நிற்கிறது. கடந்த ஜூலை முதல் தேதி பெங்களூரு கே.ஆர்.புரத்தில் மாதம் 26,000 ரூபாய் வாடகைக்குக் குடியேறினீர்கள். அட்வான்ஸ் இரண்டு லட்சம், தரகருக்கு ஒரு மாத வாடகை, சுவரோடு பொருத்திய மர அலமாரிக்கு 40,000 ரூபாய், மகளின் யு.கே.ஜி. வகுப்புக்கு ஆண்டுக் கட்டணம் எல்லாம் கொடுத்தாயிற்று. ஒப்பந்தம் பதினொரு மாதம். இடையில் காலி செய்வதானால் இரண்டு மாத நோட்டீஸ் போதும். இப்போது நவம்பர் தொடக்கத்தில் உங்கள் அலுவலகம் ஒயிட்ஃபீல்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மாறிவிட்டது. அரை மணி நேரமாக இருந்த பயணம் ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது. போக்குவரத்துச் செலவும் நாளொன்றுக்கு 120 ரூபாய் கூடியிருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் உங்கள் கணவர், இவ்வளவு செலவு செய்துவிட்டோம், மே மாதம் ஒப்பந்தம் முடியும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்கிறார். நுகர்வோர் தம் பயன்பாட்டை, அதாவது தமக்குக் கிடைக்கும் மனநிறைவை, உச்சமாக்கிக்கொள்கிறார் என்று கல்லூரியில் படித்த நீங்கள், செலவழித்துவிட்ட பணத்தை இந்த முடிவில் சேர்ப்பது சரியா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கணவர் அடுக்கும் காரணங்களில் பெரும்பாலானவை இந்த முடிவுக்குத் தொடர்பில்லாதவை. ஆனால் ஒன்று மிகவும் தொடர்புள்ளது. அதை நீங்கள் தள்ளிவிடக் கூடாது. எது எந்த வகை என்று பிரித்தறிவதில்தான் வேலை இருக்கிறது. செலவழித்து, இனி திரும்பப் பெற முடியாத பணம்தான் மூழ்கிய செலவு. அதை மறந்துவிடு என்று புத்தகங்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. எந்தச் செலவு மூழ்கியது, எது இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு அவை கற்றுத் தருவதில்லை. நான் பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன். மாணவர்கள் தவறியது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

‘மூழ்குதல்’ என்ற சொல் பொருளியல் பாடம் வருவதற்கு முன்பே நம் வீடுகளில் புழங்கியது. அடகு வைத்த நகையைத் தவணைக்குள் மீட்காவிட்டால் ‘நகை மூழ்கிப்போயிற்று’ என்போம். பெங்களூருவின் அல்சூரில் நான் சிறுவனாக இருந்தபோது என் தாயார் ஒரு சங்கிலியை அடகு வைத்துவிட்டு, மீட்கவும் முடியாமல் விட்டுவிடவும் மனம் வராமல், நான்கு ஆண்டுகள் வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன காரணம், ‘இத்தனை வட்டி கட்டியாயிற்றே’ என்பதுதான். உண்மையில் கேட்டிருக்க வேண்டியது வேறு: இன்று மீட்க எவ்வளவு பணம் வேண்டும், அதே எடைத் தங்கம் இன்று கடையில் என்ன விலை? கட்டிய வட்டி இந்தக் கேள்வியின் எந்தப் பக்கத்திலும் வராது. அது அவருடைய தாயார் அணிந்திருந்த சங்கிலி என்பதால் தங்க விலைக்கு மேலும் அவருக்கு அதில் ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. ஏனென்றால் சங்கிலியை மீண்டும் கழுத்தில் அணியும் மகிழ்ச்சி இனிமேல் கிடைக்கவேண்டிய ஒன்று. பயன்பாடு என்று பொருளியல் சொல்வது ரூபாயை மட்டும் அன்று. இனி கிடைக்கக்கூடிய மனநிறைவு எதுவாக இருந்தாலும் அதில் அடங்கும். திரும்பி வராத செலவு மட்டுமே அதற்கு வெளியே நிற்கிறது.

உச்சமாக்குதல் என்பதையும் கொஞ்சம் விளக்க வேண்டும். அது பலரும் நினைப்பதுபோல் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கிப் பார்க்கும் வேலை இல்லை. 1854-ல் ஹெர்மன் ஹைன்ரிக் கோசன் என்ற ஜெர்மானியர் எழுதி, அவர் வாழ்நாளில் யாரும் பொருட்படுத்தாமல் விட்ட ஒரு கருத்து இது. ஒரு பொருளின் ஒவ்வொரு கூடுதல் அலகும் முந்தையதைவிடக் குறைந்த நிறைவையே தருகிறது; ஆகவே எந்தப் பொருளில் செலவிட்டாலும் கடைசி ரூபாய் ஒரே அளவு நிறைவைத் தரும்படி பணத்தைப் பகிர்ந்தால், அதற்கு மேல் கூட்ட வழியில்லை. பொருளியலாளர்களான ஜெவன்ஸும் மெங்கரும் 1871-ல், வால்ராஸ் 1874-ல் தனித்தனியே இதே இடத்துக்கு வந்து சேர்ந்தபிறகுதான் இது பாடமாயிற்று. பெங்களூருவாசிகளுக்கு 2024 கோடை இதைப் புத்தகம் இல்லாமலே கற்றுக்கொடுத்தது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிக்காகக் காத்திருந்த நாட்களில், முதல் குடம் குடிக்க, அடுத்தது சமைக்க, பிறகு குளிக்க, மிஞ்சினால் துணிக்கு என்று எல்லா வீடுகளிலும் ஒரே வரிசை தானாக அமைந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அந்த மார்ச்சில் அறிவித்தபோது, பல வீடுகள் கார் கழுவுவதை முன்பே நிறுத்தியிருந்தன. தண்ணீர் மொத்தமாக எவ்வளவு இன்றியமையாதது என்று யாரும் யோசிக்கவில்லை. கையிலுள்ள இந்த ஒரு குடத்தை எதற்கு விடுவது என்று மட்டுமே யோசித்தார்கள். முடிவுகள் எப்போதும் இப்படி ஓரத்தில்தான், அதாவது அடுத்த ஒரு அலகைப் பற்றித்தான், எடுக்கப்படுகின்றன. உங்கள் கேள்வியும் ‘இந்த வீடு நல்லதா’ என்பதாக இருக்கக் கூடாது. ‘இனி வரும் ஒவ்வொரு மாதத்தையும் இங்கே கழிப்பதா’ என்பதாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் செலவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அட்வான்ஸ் இரண்டு லட்சம் மூழ்கவில்லை. அது வீட்டுக்காரரிடம் இருக்கும் உங்கள் பணம். எப்போது காலி செய்தாலும் திரும்ப வரவேண்டியது. மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் அது மாநிலங்கள் தாமாக ஏற்றுக்கொள்ள வேண்டிய மாதிரி மட்டுமே என்பதால், பெங்களூருவில் ஏழு, எட்டு, பத்து மாத அட்வான்ஸ் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பணத்தின் உண்மையான செலவு, அது முடங்கிக் கிடக்கும் காலத்துக்கான வட்டி. ஏழு விழுக்காடு என்று வைத்தாலும் ஆண்டுக்கு 14,000 ரூபாய். ஆனால் புதிய வீட்டுக்கும் ஏறக்குறைய இதே அளவு அட்வான்ஸ் கேட்பார்கள். ஆகவே இருந்தாலும் போனாலும் இந்த இழப்பு ஒன்றே.

காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையை இந்த ஊரில் பிடித்துக்கொள்வார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த 26,000 ரூபாய் இன்னும் உங்கள் கையை விட்டுப் போகவில்லை. ஆனாலும் டிசம்பரில் போனாலும் மே மாதம் போனாலும் அது போகத்தான் போகிறது. இனிமேல் வரப்போகும் செலவே ஆனாலும், எல்லா வழிகளிலும் ஒரே அளவாக வருமானால், அது மூழ்கிய செலவைப் போலவே முடிவுக்குத் தொடர்பில்லாதது.

தரகுப் பணம் 26,000 முழுமையாக மூழ்கிவிட்டது. ‘பதினொரு மாதம் இருந்தால் அந்தத் தரகு மாதத்துக்குக் கொஞ்சமாகப் பிரியும், ஆறு மாதத்தில் போனால் அதிகமாகப் பிரியும்’ என்று உங்கள் கணவர் கணக்குப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வகுத்தல் சரி. ஆனால் வகுக்கப்படும் தொகை மாறவில்லை. கூடுதல் மாதங்கள் இருப்பதால் தரகரிடமிருந்து ஒரு ரூபாயும் திரும்பப்போவதில்லை. புதிய வீட்டுக்குக் கொடுக்கவேண்டிய தரகும் சாமான் ஏற்றிச் செல்லும் லாரிக் கூலியும் வேறு வகை. அவை இனி வரும் செலவுகள், கட்டாயம் கணக்கில் சேரவேண்டியவை. பழைய தரகையும் புதிய தரகையும் ஒரே மூச்சில் ‘தரகு வீண்’ என்று சொல்லும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. அதிலும் கவனியுங்கள்: மே மாதம் எப்படியும் வேறு வீடு போவதாகத்தான் உங்கள் கணவரும் சொல்கிறார். அப்படியானால் புதிய தரகும் லாரிக் கூலியும் இரண்டு வழியிலும் வருகின்றன. சில மாதங்கள் முன்பா பின்பா என்பது மட்டுமே வேறுபாடு.

அலமாரியை வீட்டுக்காரரோ அடுத்த குடியிருப்பவரோ பத்தாயிரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்தால், மிதப்பது அந்தப் பத்தாயிரம், மூழ்கியது முப்பதாயிரம். இனி அதில் துணி வைப்பதால் கிடைக்கும் வசதி உண்மையான பயன்பாடுதான். ஆனால் அதை அளக்கவேண்டியது நாற்பதாயிரத்தை வைத்து இல்லை. இப்படி ஒரு அலமாரியை மாத வாடகைக்கு எடுப்பதானால் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பள்ளிக் கட்டணம். உங்கள் கணவர் சொல்வதில் உயிருள்ள காரணம் இதுதான். கட்டிய கட்டணம் திரும்ப வராது. அந்த அளவில் அது மூழ்கியதே. ஆனால் அந்தக் கட்டணத்துக்குரிய வகுப்புகள் மார்ச் வரை இன்னும் மீதி இருக்கின்றன. அவற்றுக்காக நீங்கள் இனி ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. ஜனவரியில் வேறு பகுதிக்குப் போனால், புதிய பள்ளியில் சேர்க்கைக்கும் மீதிப் பருவத்துக்குமாக 45,000 கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த 45,000 இனி வரும் செலவு, தவிர்க்கக்கூடிய செலவு. அதோடு ஐந்து வயதுக் குழந்தையை ஆண்டின் நடுவில் புதிய வகுப்பில் உட்காரவைக்கும் சிரமமும் இருக்கிறது. அதற்கு விலை சொல்ல முடியாவிட்டாலும் அது பயன்பாட்டுக் கணக்கில் உள்ளதுதான். ‘கட்டணம் கட்டியாயிற்றே’ என்பதால் இருக்க வேண்டியதில்லை. ‘போனால் மறுபடி கட்டவேண்டும்’ என்பதால் இருப்பதை யோசிக்கலாம். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், முதலாவது பின்னால் பார்க்கிறது, இரண்டாவது முன்னால் பார்க்கிறது.

இப்போது நேரத்தைக் கணக்கிடுவோம். புதிய வீடு பழையபடி அலுவலகத்துக்கு அரை மணித் தொலைவில் அமையும் என்று கொள்கிறேன். ஒரு வழிக்கு 80 நிமிடம் கூடுதல், நாளுக்கு 160 நிமிடம். மாதத்துக்கு 22 வேலை நாட்கள் என்றால் 58 மணி 40 நிமிடம். இன்று நோட்டீஸ் கொடுத்தாலும் டிசம்பர் இறுதிவரை அங்கேதான் இருக்கப்போகிறீர்கள். ஆகவே நவம்பர், டிசம்பர் பயணத்தை எந்த முடிவும் மாற்றாது. உங்கள் முன் உள்ளவை மூன்று வழிகள்: டிசம்பர் இறுதியில் போவது, பள்ளி ஆண்டு முடியும் மார்ச் இறுதியில் போவது, ஒப்பந்தம் முடியும் மே இறுதியில் போவது. நீங்கள் இருவரும் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டுமே வைத்து வாதிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் இருப்பதை யாரும் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மார்ச்சையும் மே மாதத்தையும் ஒப்பிடுங்கள். மே வரை இருப்பதால் உங்களுக்கு 117 மணி நேரமும் 5,280 ரூபாயும் கூடுதலாகப் போகின்றன. அதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன? பள்ளி முடிந்துவிட்டது. தரகு, லாரி, பெயின்டிங் எல்லாம் இரண்டிலும் ஒன்றே. அலமாரியின் இரண்டு மாத வசதி மட்டும் மிஞ்சுகிறது. ஒப்பந்தத்தில் பதினொரு மாதம் என்று இருப்பதற்கும் நீங்கள் பதினொரு மாதம் இருக்கவேண்டும் என்பதற்கும் தொடர்பில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால் நாடெங்கும் பதினொன்றில் நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான். உங்கள் கணவருக்கு அந்தத் தெருவோ அக்கம்பக்கமோ பிடித்திருக்கிறது, இன்னும் இரண்டு மாதம் அங்கே இருப்பதில் அவருக்கு மகிழ்ச்சி என்றால், அது நேர்மையான காரணம். அதை அவர் அப்படியே சொல்லவேண்டும். வேறு காரணம் இல்லையென்றால், மே என்ற வழியைத் தாங்கி நிற்பது மூழ்கிய செலவு மட்டுமே.

டிசம்பரா மார்ச்சா என்பது உண்மையான போட்டி. மார்ச் வரை இருந்தால் புதிய பள்ளிக்கான 45,000 மிச்சம். மூன்று மாதக் கூடுதல் போக்குவரத்துச் செலவு 7,920-ஐக் கழித்தால் 37,080. விலை, 176 மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ 211 ரூபாய். உங்கள் சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்து, ‘என் ஒரு மணி இதைவிட மதிப்புள்ளது’ என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். சம்பள மணியும் மெட்ரோவில் கழியும் மணியும் ஒன்றல்ல. கே.ஆர்.புரத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கும் ஆர்.வி. ரோட்டில் 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தடத்துக்கும் மாறிப் போகும் பயணத்தில், உட்கார இடம் கிடைத்தால் ஒரு பகுதியைப் படிப்பதற்கோ தூங்குவதற்கோ பயன்படுத்தலாம். நின்றுகொண்டே போனால் அது முழு இழப்பு. எந்த மணி போகிறது என்பதும் முக்கியம். மாலை ஆறரைக்கு வீடு திரும்பியவர் எட்டு மணிக்குத் திரும்பினால், இழப்பது பொதுவான எண்பது நிமிடம் அன்று. மகள் விழித்திருக்கும் எண்பது நிமிடம். ஓரத்தில் மிகக் குறைவாக மீதி இருப்பதே மிக உயர்ந்த மதிப்புடையது என்று கோடையில் தண்ணீர் சொல்லிக்கொடுத்ததை இங்கேயும் பொருத்திப் பாருங்கள்.

எனக்குச் சரியென்று படுவது மார்ச். ஆனால் அதை அப்படியே ஏற்காமல் ஓரத்தில் செதுக்கிக்கொள்ளுங்கள். ஜனவரியிலிருந்து மூன்று மாதத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். கிடைத்தால் 176 மணி நேரம் 106-ஆகக் குறைகிறது. அதே பணம் அப்போது மணிக்கு ஏறத்தாழ 350 ரூபாய் ஈடு தருகிறது, பயணச் செலவில் மிச்சமாவது தனி. கிடைக்காவிட்டால், உடல் தாங்காது என்று தோன்றினால், டிசம்பரில் போவதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன்.

உங்கள் கணவரைக் கணக்குத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இழுப்பு எல்லோருக்கும் உண்டு. நுகர்வோர் பாடநூல் சொல்வதுபோல் நடந்துகொள்வதில்லை என்று 1980-ல் எழுதிய பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர், மூழ்கிய செலவு மனிதர்களை எப்படிப் பிடித்துவைக்கிறது என்பதை அதில் முக்கியமான சான்றாக வைத்தார். 2017-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1985-ல் வெளிவந்த ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இருவரின் ஆய்வு இன்னும் தெளிவானது. ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவம் முழுவதற்குமான டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு 15 டாலர் முழு விலைக்கும், சிலருக்கு 2 டாலர் தள்ளுபடியிலும், சிலருக்கு 7 டாலர் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் போல அமைந்தது. நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றே, டிக்கெட்டும் ஏற்கெனவே கையில். ஆனாலும் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிகம் வந்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. கொடுத்த பணத்தின் வலி நாள்பட மங்குகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். ஜூலையில் கொடுத்த தரகு இந்த நவம்பரில் உங்கள் கணவரை உறுத்துவதுபோல் மார்ச்சில் உறுத்தாது.

நம் பழமொழி ஒன்றும் இந்த இழுப்புக்குத் துணை போகிறது. ‘தலைக்கு மேல் வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன’ என்று சொல்லித்தான் கல்யாணச் செலவிலும் வீட்டுக் கட்டுமானத்திலும் கடைசி லட்சங்களையும் கொட்டிவிடுகிறோம். இழப்பு பெரிதாகப் பெரிதாக, அடுத்த இழப்பு மனத்துக்குச் சிறியதாகத் தெரிகிறது என்று 1979-ல் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் வரைந்து காட்டிய வளைகோடு இந்தப் பழமொழியின் உருவம்தான். கையிலிருக்கும் பணத்துக்கு அந்த வளைவு தெரியாது. முதலில் போன ஆயிரமும் கடைசியில் போகும் ஆயிரமும் வாங்கக்கூடிய அரிசி ஒரே அளவுதான்.

கடந்ததைத் தள்ளிவிடுவது என்றால் அதிலிருந்து கிடைத்த அறிவையும் தள்ளிவிடுவது என்று பொருள் கொள்ள வேண்டாம். இந்த நான்கு மாதத்தில் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர், அந்தப் பகுதியில் தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டீர்கள். புதிய வீட்டைப் பற்றி அந்த அளவு தெரியாது; அந்த நிச்சயமின்மை இனி வரும் செலவு, சேர்த்துக்கொள்ளலாம். யாருக்காவது வாக்குக் கொடுத்திருந்தால் அதுவும் அப்படியே. வாக்கை மீறினால் உறவில் ஏற்படும் விரிசல் நாளை வருவது.

மார்ச் என்று முடிவானால், ஜனவரி 31-க்குள் நோட்டீஸை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தியோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கடிதத்திலேயே அட்வான்ஸ் திரும்ப வரும் தேதியையும் பிடித்தம் எவ்வளவு என்பதையும் குறிப்பிடுங்கள். இந்த ஊரில் புதிய வீட்டுக்காரர் சாவி தருமுன் அட்வான்ஸ் கேட்பார், பழையவர் சாவி வாங்கியபின் தருவார். இடையிலுள்ள அந்தச் சில நாட்களுக்கு இரண்டு லட்சத்தைப் புரட்டுவதற்கு ஏற்பாடு வேண்டும். அலமாரி பற்றி வீட்டுக்காரரிடம் இப்போதே பேசுங்கள். காலி செய்யும் நாளன்று பேசினால் அந்தப் பத்தாயிரமும் மூழ்கிவிடும்.